ஐந்து கிலோ வரை சரி

‘மெஷின் சரியாகத்தான் இருக்கிறது.’ என் உத்தியோகத்தில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான். எலெக்ட்ரானிக் தராசு ரிப்பேர் பார்க்கிறவனைக் கடைக்காரர்கள் எதற்கெல்லாம் கூப்பிடுவார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வியாபாரம் படுத்தால் தராசின் மேல் சந்தேகம். பக்கத்துக் கடையில் கூட்டம் சேர்ந்தால் தராசின் மேல் சந்தேகம். வேகாத வெயிலில் மொபெட்டை உருட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால், பிளக் சரியாகச் செருகியிருக்காது. இல்லாவிட்டால் தட்டுக்கு அடியில் கரப்பான் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். எனக்கு எரிச்சல் வரும். எரிச்சல் வந்தால் வாய் சும்மா இருக்காது. அந்த வாயால்தான் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன்.

தொண்ணூற்றாறில் நடந்தது. கம்பெனி பல்லாவரத்தில், வீடு இரும்புலியூரில். எங்கள் காலனிக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் நடுவில் துளசிங்கத்தின் அரிசிக்கடை. எங்கள் காலனி இருந்த இடமே ஒரு காலத்தில் அவர் அப்பாவின் கழனி. நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, அதே மனைகளில் குடிவந்த எங்களுக்கு அரிசி விற்றுக்கொண்டிருந்தார். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் முப்பது கிலோ வரை எடை போடும் எலெக்ட்ரானிக் தராசை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். சிபாரிசும் நான், கொண்டுபோய் வைத்ததும் நான்.

கடையில் எடை போடுகிறவள் கிளியம்மாள். நாற்பது வயதிருக்கும். பதினோரு வருஷம் அங்கே இரும்புத் தராசில் நிறுத்துப் பழகிய கை. புதுத் தராசு வந்த அன்று நம்பர் எப்படி ஓடுகிறது என்று அரை மணி நேரம் நின்று பார்த்தாள். மறுநாளிலிருந்து அதையும் பழகிக்கொண்டாள்.

நவம்பரில் ஒருநாள் என் மனைவி காமு சொன்னாள், இப்போதெல்லாம் அரிசி மாசம் முடிந்தும் மூணாம் தேதி வரைக்கும் வருகிறது என்று. “கிளியம்மாவுக்குக் கை தாராளம். நன்னா நிறுத்துப் போடறா.” காலனியில் எல்லாரும் இதையே சொன்னார்கள். மெயின் ரோட்டுக் கடையை விட்டுவிட்டு இங்கே வர ஆரம்பித்தார்கள். தராசு விற்றவன் நான். எடை அதிகமாக வருகிறது என்று என் வீட்டிலேயே சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் துளசிங்கம் ஆள் அனுப்பினார். என் மச்சினன் வீட்டு ரிசப்ஷனுக்கு நங்கநல்லூர் போக வேண்டும். பட்டு வேட்டி கட்டி, சென்ட் போட்டுக்கொண்டு கிளம்பிய நேரம். வழியில்தானே, எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பையை எடுத்துக்கொண்டேன். காமுவை ஆட்டோவில் முன்னால் அனுப்பினேன்.

கடையில் நல்ல கூட்டம். மாத முதல் வாரம், சம்பளம் வந்த சனிக்கிழமை. துளசிங்கம் என்னை ஓரமாக அழைத்துப்போய், வாரத்துக்கு ஒரு மூட்டை அரிசி எங்கே போகிறது என்றே தெரியவில்லை, மூட்டைகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன் என்றார். தராசு தப்பாகக் காட்டுகிறதோ என்பதுதான் அவர் சந்தேகம். நல்ல மனுஷன். முதலில் மெஷினைத்தான் சந்தேகப்பட்டார். அதை நான் மறக்கக் கூடாது.

முப்பது கிலோ தராசென்றால் முப்பது கிலோ வரைக்கும் ஏற்றிப் பார்க்க வேண்டும். அது விதி. எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள், நானும் புதுப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஆனால் இருபது கிலோ எடைக்கல்லை மொபெட்டில் யார் தூக்கிக்கொண்டு வருவது? பையில் இருந்தவை ஒரு இரண்டு கிலோ கல்லும் ஒரு ஐந்து கிலோ கல்லும். இரண்டை வைத்தேன், இரண்டு காட்டியது. ஐந்தை வைத்தேன், ஐந்து காட்டியது. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்போது கிளியம்மாள் அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

“பெரிய கல்லு வச்சிப் பாருங்க சார். சின்ன எடையெல்லாம் கரீட்டா கீது. பத்து கிலோ போடசொல்லோதான் இது ஒரு மாரி நிக்குது. கைக்குத் தெரியுது.”

கைக்குத் தெரிகிறதாம். டிப்ளமா படித்துவிட்டு மில்லிவோல்ட்டில் அளக்கிறவனிடம் வந்து கைக்குத் தெரிகிறது என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நங்கநல்லூருக்கு நேரமாகிறது என்ற எரிச்சலும் சேர்ந்துகொண்டது. “அஞ்சு சரியா இருந்தா பத்தும் சரியாத்தாம்மா இருக்கும். இது உன் பழைய தராசு இல்லை, எலெக்ட்ரானிக்” என்று சத்தமாகவே சொன்னேன். வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. துளசிங்கத்தின் பக்கம் திரும்பி, மெஷின் சரியாகத்தான் இருக்கிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று அடுத்ததையும் சொன்னேன்.

“எங்க வீட்லகூடச் சொல்லுவா, கிளியம்மாவுக்குக் கை தாராளம்னு.”

சத்தியமாக வேடிக்கைக்குத்தான் சொன்னேன். துளசிங்கம் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வரிசையில் இருந்த ஒரு அம்மாள் ஆமாம் என்று தலையாட்டியதையும் பார்த்தார்.

“தாராளமா? நீளம்னு சொல்லுங்க சார்” என்றார்.

கை தாராளம் என்றால் பாராட்டு. கை நீளம் என்றால் திருட்டு. அவ்வளவுதான் வித்தியாசம், ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. வேண்டியவர்களுக்கெல்லாம் அள்ளி அள்ளிப் போட்டாயா, உன் வீட்டுக்கு எவ்வளவு போச்சு என்று கேட்டார். பதினோரு வருஷத்தில் அவர் அவளிடம் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார்கள். அவளுடைய ஒயர்கூடையைக் கொண்டுவரச் சொன்னார். அவளே கல்லா மேஜையில் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு சீப்பு, தலைவலித் தைலம். வேறு ஒன்றும் இல்லை. இல்லாததும் அவளுக்கு எதிராகவே போயிற்று. எடுத்ததை இவ்வளவு நாளும் கூடையிலேயா வைத்திருப்பாள் என்று யாரோ சொன்னார்கள்.

கிளியம்மாள் என்னைப் பார்த்தாள். சார் ஏதாவது சொல்வார் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது. சார் அப்போது சர்வீஸ் ரிப்போர்ட்டில் கார்பன் தாளைச் சரிசெய்துகொண்டிருந்தார். ‘ஒர்க்கிங் ஓகே’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, துளசிங்கத்திடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ரிசப்ஷனில் ஐஸ்கிரீம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கங்கெட்டதைச் சொல்கிறேன் என்றால் முழுவதையும் சொல்ல வேண்டும்.

அவளை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். எடை போட துளசிங்கத்தின் மச்சான் துரைராஜ் வந்தார். ஊரில் அவளுக்குப் பேர் வைத்தார்கள். நெல்லுக்கிளி. கிளி என்றால் நெல்லைக் கொத்தத்தானே செய்யும் என்று டீக்கடையில் ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அதை நானும் நின்று கேட்டேன். கேட்டுவிட்டு டீயைக் குடித்தேன். பெரிய கல் வைத்துப் பார்க்கவில்லையே என்று அடிவயிற்றில் ஒரு மூலையில் இருந்தது. ஐந்து சரி என்றால் பத்தும் சரி என்று அதன் தலையில் தட்டி உட்காரவைத்தேன்.

பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். துளசிங்கமே என் வீட்டு கேட்டுக்கு வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இன்னும் அப்டியேதான் சார் கீது. வாரத்துக்கு ஒரு மூட்டை. துரைராஜ் எடுக்க மாட்டான் சார்.”

துரைராஜ் எடுக்க மாட்டார் என்றால் அப்புறம் யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் செவ்வந்திச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் மத்தியானம், கடை சாத்தியிருந்த நேரத்தில், இருபது கிலோ கல்லை ஆட்டோவில் வைத்துக்கொண்டு போனேன். வைத்தேன். பத்தொன்பது கிலோ நூறு காட்டியது. தராசு குறைவாகக் காட்டினால், இருபது வரும்வரை அரிசியைப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். இருபது என்று காட்டும்போது தட்டில் கிட்டத்தட்ட இருபத்தொன்று இருக்கும். எடை தப்பு என்றாலே வாங்குகிறவனை ஏமாற்றுவதுதான் நம் ஊரில் வழக்கம். கடைக்காரனையே ஏமாற்றும் தப்பு ஒன்று இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதிகமாகக் கிடைத்தவன் எவன் திரும்பி வந்து புகார் சொல்வான்?

முதலில் தட்டின் நாலு மூலையிலும் தனித்தனியாகக் கல் வைத்துப் பார்த்தேன். ஒயர்களை அசைத்துப் பார்த்தேன். மீட்டரை வைத்து வோல்டேஜ் பார்த்தேன். எல்லாம் ஒழுங்கு. பிறகு ஒவ்வொரு கிலோவாக அரிசியைக் கட்டி வைத்து ஏற்றினேன். ஏழு வரை பிசகவில்லை. எட்டில் இருபது கிராம் குறைந்தது. ஒன்பதில் இன்னும். பத்தில் நன்றாகவே. அப்படியென்றால் மின்சாரக் கோளாறு இல்லை. பாரம் ஏற ஏற ஏதோ ஒன்று அடியிலிருந்து தாங்கிப் பிடிக்கிறது.

தட்டைக் கழற்றினேன். தட்டின் கீழே பாரத்தை உணரும் இரும்புத் துண்டு ஒன்று உண்டு. லோட் செல் என்போம். பாரம் ஏறினால் அது மயிரிழை அளவுக்கு வளையும். ரொம்பவும் வளைந்து உடைந்துவிடாமல் இருக்க அதன் அடியில் ஒரு திருகு முட்டுக்கொடுத்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தபால் கார்டு நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தேன். திருகின் தலை மேல் சந்தனம். காய்ந்து சுண்ணாம்பாக இறுகி, நடுவில் குங்குமம். சந்தனத்தில் கட்டைவிரல் ரேகை அச்சு எடுத்ததுபோல் பதிந்திருந்தது.

துளசிங்கம் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார். தன் கட்டைவிரலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

ஆயுத பூஜை அன்று, புது மெஷினாயிற்றே என்று, தட்டைக் கழற்றித் துடைத்து ஒரு பாகம் விடாமல் பொட்டு வைத்திருக்கிறார். வெளியே மட்டும் வைத்தால் எப்படி, வேலை செய்வது உள்ளே இருப்பதுதானே என்று நினைத்தாராம். எந்த இயந்திரத்துக்கும் அப்படித்தான் வைப்பார்கள். எங்கள் கம்பெனியிலேயே வைப்போம். தராசைக் கொண்டுவந்து கொடுத்தபோது உள்ளே எதையும் வைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். அவர் அதைக் கீழே போட விடவில்லை. காகிதத்தில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்குக் கீழே வைத்தார். திரும்ப இருபது கிலோவை ஏற்றினேன். இருபது காட்டியது. வேலை பத்து நிமிஷம்கூட இல்லை.

“இத்த வெளியில சொல்ல வேணாம் சார்” என்றார் துளசிங்கம். சாமிக்கு வைத்ததால் ஒரு பொம்பளைக்குக் கெட்ட பேர் வந்தது என்றால் ஊர் என்ன பேசும் என்று கேட்டார். எனக்கோ, உள்ளதைச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது. வெளியே சொல்லக் கூடாது என்று நான் கேட்க வேண்டியதை அவரே கேட்டுவிட்டார். ‘ஜெனரல் சர்வீஸ்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் மாதம் இருபத்தெட்டாம் தேதியே அரிசி தீர்ந்துபோயிற்று. துரைராஜுக்கு இறுகின கை, கிளியம்மா இருந்தவரை இப்படி ஆகுமா என்று காமு டப்பாவைத் தட்டிக்கொண்டே சொன்னாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கல், சந்தனம், ரிப்போர்ட், ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்படின்னா அரிசியை எடுத்துண்டு வந்தது நாமதானே?” என்றாள். பிறகு, “அவகிட்டே சொன்னேளா?” என்று கேட்டாள்.

கிளியம்மாளின் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இரும்புலியூரிலும் தாம்பரத்திலும் எந்தக் கடையிலும் சேர்த்துக்கொள்ளாததால் பல்லாவரத்தில் தோல் ஷெட் ஒன்றில், தைத்த தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் வெட்டப் போவதாகச் சொன்னாள். எங்கள் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி. காலை ரயிலில் என்னைப் பலமுறை பார்த்திருக்கிறாளாம். நான் பார்த்ததில்லை.

உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னேன். தராசு எட்டு கிலோவுக்கு மேல் தப்பாகக் காட்டியிருக்கிறது, அவள் சொன்னதுதான் சரி, தன் மேல் தப்பில்லை என்று அவள் இனிமேல் நிம்மதியாக இருக்கலாம் என்றெல்லாம் உளறினேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தது. தன் மேல் தப்பில்லை என்பது அவளுக்குத் தெரியாதா?

ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

“இத்த இங்க வந்து சொல்றீங்களே சார். அன்னிக்கு அங்கதான சொன்னீங்க?”

வரும் சனிக்கிழமை ஆறு மணிக்குக் கடைக்கு வருவதாகச் சொன்னாள். கூட்டம் இருக்கும் என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் எனக்குக் காய்ச்சல் வராதா என்று ஏங்கினேன். சனிக்கிழமை போனபோது கடையில் பதினைந்து பேராவது இருந்தார்கள். பாதிப் பேர் எங்கள் காலனிக்காரர்கள். காமுவும் பையோடு வரிசையில் நின்றிருந்தாள். வருவதாக என்னிடம் சொல்லவில்லை. கிளியம்மாள் கடைப்படிக்குக் கீழே நின்றாள், மேலே ஏறவில்லை. அவளைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. துளசிங்கம் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார். வேண்டாம் என்ற அர்த்தத்தில்.

தராசின் மேல் கையை வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். எல்லாரும் திரும்பினார்கள்.

“இந்த மெஷின்ல ஓவர்லோட் ஸ்டாப்பர் கேப்ல ஃபாரின் பார்ட்டிகிள் இருந்திருக்கு. அதனால ஹையர் ரேஞ்ச்ல ஒரு நெகட்டிவ் எரர். நவ் இட் இஸ் ரெக்டிஃபைட்.”

வேண்டுமென்று செய்யவில்லை. வாயைத் திறந்ததும் அதுதான் வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு வெட்கம் வந்தால் இங்கிலீஷ் வந்துவிடும். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பாங்க்கில் வேலை பார்க்கும் யக்ஞநாராயணன் மட்டும் ஓஹோ என்றார். துரைராஜ் அடுத்த ஆளின் பையை வாங்கக் கை நீட்டினார்.

“தமிழ்ல சொல்லுங்க சார்” என்றாள் கிளியம்மாள்.

முகம் பற்றி எரிந்தது. மெஷினில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது என்றேன். எடை குறைவாகக் காட்டிவிட்டது, அரிசி கூடுதலாகப் போய்விட்டது, அதனால் கிளியம்மாளுக்குக் கெட்ட பேர் ஏற்பட்டுவிட்டது என்றேன். நேர்ந்துவிட்டது, போய்விட்டது, ஏற்பட்டுவிட்டது. எல்லாம் தானாகவே நடந்ததுபோல் சொல்லி முடித்தேன். ஐயோ பாவம் என்று ஒரு குரல் கேட்டது. முடிந்தது என்று கையை எடுக்கப் போனேன்.

“யாரு சார்?” என்றாள்.

“என்னது?”

“தப்பு நடந்துச்சுன்றீங்க. பண்ணது யாரு?”

துளசிங்கத்தைப் பார்த்தேன். அவர் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தனம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பிவிடும். அதுவும் பொய் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. காமு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்” என்றேன். சத்தம் வெளியே வரவில்லை. மறுபடியும் சொன்னேன். “நான்தான். பெரிய கல்லு வச்சுப் பாருங்கன்னு நீங்க சொன்னீங்க. நான் பாக்கலை. பாக்காமலே சரின்னு சொன்னேன். உங்களை வச்சு எல்லாரையும் சிரிக்க வச்சேன். நீங்க ஒரு அரிசிகூட எடுக்கலை.”

கிளியம்மாள் தலையை அசைத்தாள். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வந்துவிடு கிளி என்று துளசிங்கம் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, ரோட்டில் லாரி போகும்வரை நின்று, தாண்டிப் போனாள்.

கடையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வரிசை நகரவும் இல்லை. மூன்று மாதமாக அந்த அரிசி அங்கே நின்ற எல்லார் வீட்டு உலையிலும் வெந்திருக்கிறது. தின்ற வாய்தான் அவளை நெல்லுக்கிளி என்றது. முதலில் திறந்த வாய் என்னுடையது.